மேற்கு பார்த்த தலைவாசலுக்கு என்ன மரம் போடலாம்? சாரல் அடிக்கும் இடம்

தென்காசி_புதுவீடு · பிப்ரவரி 9

எல்லோருக்கும் வணக்கம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். பேஸ்மட்டம் முடிந்துவிட்டது. மாசிக்குள் நிலை வைத்துவிட வேண்டும் என்று அப்பா நாள் குறித்துவிட்டார். கையில் முழுதாக ஒரு மாதம்தான் இருக்கிறது.

ரோடு மேற்கே இருப்பதால் தலைவாசலும் மேற்கேதான். எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்குச் சிக்கல் உடனே புரியும். ஆனி, ஆடியில் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் நேராக மேற்கிலிருந்து வரும். நாள் முழுக்கக் கதவின் முகத்தில் தெளித்துக்கொண்டே இருக்கும். சாரல் இல்லாத மாதங்களில் மதியம் இரண்டு மணியிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் வெயில்.

கடையில் ஒரு ரெடிமேட் கதவு பார்த்தோம். கஜலட்சுமி செதுக்கியது, பாலிஷ் எல்லாம் முடித்து நிலையோடு தருகிறார்கள். பர்மா தேக்கு என்கிறார்கள். எங்கள் ஆசாரி, "அதெல்லாம் வேண்டாம், செங்கோட்டையில் நாட்டுத் தேக்கு பார்த்து வாங்குங்கள், நான் செய்து தருகிறேன்" என்கிறார். தம்பி ஸ்டீல் கதவே போதும் என்கிறான். எனக்கு மரக்கதவுதான் வேண்டும், அதில் மாற்றமில்லை. எந்த மரம், எதைப் பார்த்து வாங்குவது என்றுதான் தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

உளிச்சத்தம் · பிப்ரவரி 9

தம்பி, எங்களுக்குத் தச்சு வேலைதான் குடும்பத் தொழில். அப்பா, பெரியப்பா எல்லோரும் உளி பிடித்தவர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நிலையும் கதவும் வேறு வேறு காரியம். நிலை சுவரோடு சேர்ந்தது, வைத்தால் வைத்ததுதான். அதை மாசியிலேயே வைத்தாக வேண்டும். கதவுக்கு என்ன அவசரம்? பூச்சும் தரையும் முடிந்த பிறகுதானே மாட்டப் போகிறீர்கள். அதனால் கதவுக்கு வேண்டிய மரத்தை இப்போதே அறுத்து வாங்கி, பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ரீப்பர், அதாவது மெல்லிய மரச்சட்டம் கொடுத்து, காற்று ஓடுகிற மாதிரி நிழலில் அடுக்கி வையுங்கள். பங்குனி, சித்திரை, வைகாசி முழுக்கக் காயும். ரெடிமேட் கதவில் இந்த வசதி கிடையாது. அது எத்தனை மாதம் காய்ந்த மரம் என்று கடைக்காரருக்கே தெரிந்திருக்காது.

எந்த ஊர்த் தேக்கு என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு இரண்டே விஷயம் பாருங்கள். வைரம் எவ்வளவு, மரம் எவ்வளவு காய்ந்திருக்கிறது.

கட்டையின் வெட்டு முகத்தைப் பார்த்தால் நடுவில் பொன் பழுப்பாக இருப்பது வைரம். ஓரத்தில் வெளுத்து இருப்பதை நாங்கள் வெள்ளை என்போம். தேக்கைக் கரையான் தொடாது என்கிற பேச்சு வைரத்துக்கு மட்டும்தான் பொருந்தும். வெள்ளையைக் கரையானும் தின்னும், வண்டும் துளைக்கும். அறுத்த கட்டையை சைஸ் என்போம், அதில் ஒரு மூலையில் வெள்ளை இருந்தால் "பாலிஷ் போட்டால் தெரியாது" என்பார்கள். தெரியாதுதான். வண்டுக்குத் தெரியும். நடுத்தண்டு ஓடுகிற சைஸையும் ஒதுக்குங்கள், அது கட்டாயம் வெடிக்கும்.

எங்கள் அப்பா மரம் பார்க்கப் போனால் இழைப்புளியைப் பையில் கொண்டுபோவார். ஒரே ஒரு இழை எடுப்பார். அந்தச் சுருளை மூக்கருகில் வைத்துப் பார்த்துவிட்டு, இழைத்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்ப்பார். நல்ல தேக்கு புதுத் தோல்செருப்பு மாதிரி மணக்கும். விரலில் மெழுகு தடவின மாதிரி ஒரு வழவழப்பு இருக்கும். சாயம் ஏற்றிய மரத்தில் இரண்டும் இருக்காது. பாலிஷ் போட்ட கதவில் இந்தச் சோதனையே செய்ய முடியாது. பாலிஷ் போட்டதை வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு அதுதான் காரணம்.

மேடவாக்கம்வாசி · பிப்ரவரி 10

உளிச்சத்தம் அண்ணா சொல்வது அத்தனையும் என் வீட்டில் நடந்தது. நாங்களும் பர்மா தேக்கு என்று நம்பித்தான் ஒரு கடையில் ரெடிமேட் கதவு வாங்கினோம். சித்திரையில் மாட்டினோம், பிரமாதமாக இருந்தது. ஐப்பசியில் மழை பிடித்ததும் கதவு நிலையைக் கவ்விக்கொண்டது. வெளியிலிருந்து தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும். என் மாமியார் ஒரு நாள் உள்ளே இருந்துகொண்டு திறக்க முடியாமல் பயந்துபோனார்.

ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவைக் கழற்றிப் படுக்க வைத்தபோதுதான் பார்த்தேன். முகத்தில் கண்ணாடி மாதிரி பாலிஷ், அடிவிளிம்பில் ஒரு சொட்டுக்கூட இல்லை. ரம்பம் போன கோடு அப்படியே தெரிந்தது. வீடு துடைக்கிற தண்ணீரை அந்த விளிம்பு ஆறு மாதமாகக் குடித்திருக்கிறது. ஆசாரி ஓரத்தை இழைத்ததும் உள்ளே வெளிறிய இளஞ்சிவப்பில் வேறு ஏதோ மரம். ஈரத் துணியால் துடைத்தால் துணியில் பழுப்புச் சாயம். இழைத்த பிறகு மழைக்காலத்தில் சரியாக இருந்தது. அடுத்த கோடையில் பூட்டுப் பக்கம் விரல் நுழைகிற இடைவெளி.

கடையில் கேட்டால், "மரம் என்றால் அப்படித்தான் மேடம்" என்று முடித்துவிட்டார்கள். பில்லில் "டீக் டோர்" என்று மட்டும்தான் இருந்தது. எங்கே வாங்கினாலும் என்ன மரம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் கையால் தடவிப் பாருங்கள். மாட்டின பிறகு அந்த இரண்டு இடத்தையும் யாரும் பார்ப்பதில்லை.

செங்கோட்டை_அறுவை · பிப்ரவரி 10

நான் மர அறுவை ஆலையில் இருக்கிறேன். எங்கள் ஆலைக்கு வாருங்கள் என்று சொல்ல வரவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

மியான்மர் அரசு 2014 ஏப்ரலில் உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு அங்கிருந்து அறுத்த மரமாகத்தான் வர முடியும். அதனால், கட்டையைக் காட்டி இது இப்போது வந்த பர்மா என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்றைக்குத் தேக்கு என்று துறைமுகத்தில் கன்டெய்னரில் இறங்குவதில் பெரும்பகுதி கானா, ஈக்வடார், கோஸ்டா ரிகா, பனாமா மாதிரி நாடுகளில் தோட்டம் போட்டு வளர்த்தது. அதுவும் தேக்குதான், அதே சாதி மரம்தான், போலி இல்லை. ஆனால் சீக்கிரம் வெட்டுகிறார்கள், அதனால் வெள்ளை அதிகம். வைரமாகப் பொறுக்கி எடுத்தால் கதவுக்குத் தாராளமாகப் போடலாம். பர்மா விலையில் அதை விற்பதுதான் தப்பு.

நாட்டுத் தேக்கு என்பதும் ஒரே சரக்கு இல்லை. மலையில் மெதுவாக வளர்ந்த மரம் வேறு, தஞ்சாவூர்ப் பக்கம் வாய்க்கால் கரையில் தண்ணீர் குடித்து வளர்ந்த மரம் வேறு. கேரளத்து நிலம்பூர்த் தேக்குக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அங்கே 1840-களில் கலெக்டர் கனோலி நட்ட தோட்டத்தின் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது, ஒரு தடவை போய்ப் பாருங்கள், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டிய மரங்கள். வனத்துறை டிப்போக்களில் ஏலம் எடுத்த மரம் என்றால் கட்டையின் முகத்தில் சுத்தியல் முத்திரையும் எண்ணும் இருக்கும்.

இன்னொன்று, ஈரம் பார்க்கிற மீட்டர் இப்போது பல இடத்தில் வைத்திருக்கிறார்கள். இரண்டு ஊசியை மரத்தில் குத்தினால் சதவீதம் காட்டும். 12-ஐ ஒட்டி இருந்தால் கதவுக்குத் தைரியமாக எடுக்கலாம். 20 காட்டினால் அந்த மரம் இன்னும் காய வேண்டும். கட்டையின் முனையில் குத்திக் காட்டுவார்கள், அது எப்போதும் குறைவாகத்தான் காட்டும். நடுவில் குத்தச் சொல்லுங்கள்.

தென்காசி_புதுவீடு · பிப்ரவரி 11

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ரெடிமேட் யோசனையை விட்டுவிட்டேன். அப்பாவுக்குக் கஜலட்சுமி இல்லை என்பதில் கொஞ்சம் வருத்தம்.

ஆசாரி மூன்றரைக்கு ஏழு அடி நிலை, ஐந்துக்கு நாலு இன்ச் கட்டை என்கிறார். ஐந்துக்கு மூன்று போதாதா? எத்தனை கன அடி வரும் என்று நாங்களே கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா? ஒற்றைக் கதவா இரட்டைக் கதவா?

அப்புறம் ஒன்று. ஆச்சி வீட்டை இடித்தபோது எடுத்த பழைய கதவு மாட்டுத் தொழுவத்தில் சாத்திக் கிடக்கிறது. ரெட்டைக் கதவு, ஆறடிக்கும் குறைவான உயரம். சாணமும் சுண்ணாம்பும் அப்பி என்ன மரம் என்றே தெரியவில்லை. தூக்கினால் இரண்டு பேருக்கே கனக்கிறது. அதை ஏதாவது செய்யலாமா, இல்லை விறகுதானா?

சைட்_பொறியாளர் · பிப்ரவரி 11

கணக்கு எளிதுதான். நீளத்தை அடியில் எடுத்து, அகலத்தையும் கனத்தையும் இன்ச்சில் எடுத்துப் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. உங்கள் நிலைக்குக் கால் இரண்டும் ஏழேழு அடி, மேலும் கீழும் சுவருக்குள் போகிற காதோடு சேர்த்து நாலு நாலு அடி, மொத்தம் 22 அடி ஓட்டம். ஐந்துக்கு நாலு என்றால் 22 × 5 × 4 ÷ 144, மூன்று கன அடிக்குச் சற்று மேலே. ஐந்துக்கு மூன்று என்றால் 2.3. வித்தியாசம் முக்கால் கன அடி. தலைவாசலுக்கு அதை மிச்சம் பிடிக்காதீர்கள். கதவுக்குள் புதைக்கிற மார்டிஸ் பூட்டின் நாக்கு நுழைகிற இடத்தில் அந்த ஒரு இன்ச் மரம் வேண்டும். அறுத்த அளவுக்குத்தான் காசு வாங்குவார்கள், இழைத்த பிறகு பக்கத்துக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் இன்ச் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கதவு ஒன்றரை இன்ச் கனம். தேக்கு என்றால் கன அடி ஏறக்குறைய 18 கிலோ, ஆக கதவு மட்டும் 40 கிலோ பக்கம் வரும். மூன்று கீல் போட்டால் இரண்டு வருடத்தில் தலை சாயும். ஐந்து இன்ச்சில் நாலு கீல் போடுங்கள். சாரல் ஊரில் இரும்புக் கீல் வேண்டாம், பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ நல்லது.

ஒற்றையா இரட்டையா? இந்த அளவுக்கு ஒற்றைதான். நிலைக்கட்டை போக உள்வழி 34 இன்ச்தான் மிஞ்சும். அதை இரண்டாகப் பிரித்தால் அன்றாடம் ஒரு கதவு திறந்து ஆள் ஒருக்களித்துப் போக வேண்டியிருக்கும். தவிர, இரட்டைக் கதவின் நடுச் சந்து வழியாகச் சாரல் உள்ளே வரும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இத்தனை பேரும் மரத்தைப் பற்றிப் பேசுகிறோம், அந்த மரத்துக்கு மேல் என்ன இருக்கிறது? பிளானில் இரண்டடி சன்ஷேட்தான் என்றால், சாய்வாக வரும் சாரலுக்கு அது எதற்கும் உதவாது. எந்தத் தேக்கானாலும் மேற்கு வெயிலும் சாரலும் நேராகப் பட்டால் மூன்று வருடத்தில் முகம் நரைத்துவிடும். ஐந்தடிக்குக் குறையாமல் போர்டிகோ எடுங்கள், தென்பக்கம் ஒரு சிறு மறைப்புச் சுவர் வையுங்கள். பணம் போதாவிட்டால் மரத்தில் ஒரு படி இறங்கி அந்தக் காசைக் கூரையில் போடுங்கள். பேஸ்மட்ட நிலையில்தானே இருக்கிறீர்கள், இப்போது சொன்னால்தான் உண்டு.

உங்கள் தம்பி சொல்கிற ஸ்டீல் கதவைக் குறை சொல்லவில்லை. மேற்கு வெயிலில் மாலை நாலு மணிக்கு அதில் கை வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

காரைக்குடிப்பேரன் · பிப்ரவரி 12

விறகா! தயவுசெய்து அந்தக் கதவைத் தொடாதீர்கள். எங்கள் ஊரில் முனீஸ்வரன் கோயில் தெருவில் கடை கடையாகப் பழைய கதவும் தூணும் நிலையும்தான் விற்கிறார்கள். எங்கெங்கிருந்தோ வந்து வாங்கிப் போகிறார்கள். அறுபது எழுபது வருடம் வீட்டில் நின்று காய்ந்த மரத்துக்கு இனி எந்த ஆலையிலும் சீசனிங் தேவையில்லை. வளைய வேண்டியது எப்போதோ வளைந்து முடிந்திருக்கும்.

ஆனால் அப்படியே மாட்டுவது கஷ்டம். பழைய கதவு கீலில் நிற்காது, மேலும் கீழும் குடுமி என்கிற முனை இருக்கும், அது நின்று சுழல நிலையில் குழி இருக்கும். உயரமும் குறைவு, அந்தக் காலத்தில் தலை குனிந்து நுழைவதுதானே வழக்கம். குடுமியை வெட்டாமல், கதவைப் பலகை பலகையாகப் பிரித்துப் பயன்படுத்த முடியுமா என்று ஆசாரியிடம் கேளுங்கள். நாங்கள் எங்கள் தாத்தா வீட்டுக் கதவைப் பூஜை அறைக்கு மாற்றினோம். என் மகள் அதன் குமிழைத் திருகித் திருகி விளையாடுகிறாள். என் அப்பாவும் அதே குமிழைத்தான் திருகியிருப்பார்.

உளிச்சத்தம் · பிப்ரவரி 12

சரியாகச் சொன்னீர்கள். பிரிப்பதற்கு முன் நாலு இடத்தில் கூர்மையான ஆணியால் குத்திப் பாருங்கள், புதைந்தால் உள்ளே உளுத்திருக்கிறது. தட்டினால் கணீரென்று வர வேண்டும். கதவு கிடந்த தரையில் மாவு மாதிரி உதிர்ந்திருந்தால் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது, அதைப் புதுவீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். பழைய ஆணிகளை ஒன்று விடாமல் பிடுங்கிய பிறகுதான் ரம்பம் வைக்க வேண்டும்.

என்ன மரம் என்று பார்க்க ஓரிடத்தில் இழைத்து, வெள்ளைத் துணியை நனைத்து ராத்திரி முழுக்க அதன்மேல் போட்டு வையுங்கள். காலையில் துணியில் மஞ்சள் கறை இருந்தால் அநேகமாக வேங்கை.

பாளையங்கோட்டை_மகள் · பிப்ரவரி 13

மரம் பற்றி எனக்குத் தெரியாது. நிலையின் கீழ்ப்படி பற்றி மட்டும் சொல்ல வந்தேன். எங்கள் வீட்டில் கீழ்க்கட்டை நாலு இன்ச் உயரம். அம்மா அதில் கால் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இப்போது வாக்கர் வைத்து நடக்கிறார். அந்த நாலு இன்ச்சைத் தாண்ட ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதையே அம்மா விட்டுவிட்டார். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருக்கிறார்கள். கீழ்ப்படி இல்லாமல் மூன்று பக்க நிலை வைக்க முடியாதா?

உளிச்சத்தம் · பிப்ரவரி 13

அம்மா சீக்கிரம் தேறி வரட்டும், தங்கச்சி.

உட்கதவுகளுக்கு மூன்று பக்க நிலை போதும், நாங்களே அப்படித்தான் செய்கிறோம். தலைவாசலுக்கு, அதுவும் சாரல் ஊரில், கீழ்க்கட்டை இல்லையென்றால் தண்ணீர் நேரே கூடத்துக்குள் வரும், பூச்சி வரும். சுவர் எழும்வரை நிலையின் கால்கள் விரியாமல் பிடிப்பதும் அந்தக் கட்டைதான். ஆனால் நாலு இன்ச்சும் தரைக்கு மேலே நிற்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் இல்லை. தரைமட்டத்தை முதலிலேயே குறித்துக்கொண்டு கட்டையைக் கீழே இறக்கி வைத்தால் ஆறு நூல், அதாவது முக்கால் இன்ச்தான் வெளியே தெரியும். வெளிப்பக்கத்தைச் சாய்வாக இழைத்துவிட்டால் தண்ணீரும் வழிந்துவிடும், வாக்கரும் ஏறும். மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கவும் இடம் இருக்கும். தரைக்குள் புதைகிற பாகத்துக்குத் தார் பூசாமல் வைக்கக் கூடாது.

சைட்_பொறியாளர் · பிப்ரவரி 13

இறக்கி வைத்தால் கட்டை எப்போதும் ஈரத்தில் கிடக்கும், எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கீழே மட்டும் மரத்துக்குப் பதில் கிரானைட் பட்டி வைத்து ஓரத்தை மழுக்கிவிடலாம். நிலை விரியாமல் இருக்கக் கட்டுமானம் முடியும்வரை ஒரு ரீப்பரை அடித்து வைத்தால் போதும்.

தென்காசி_புதுவீடு · மார்ச் 12

ஒரு மாதமாக எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஆச்சி வீட்டுக் கதவு. ஆசாரியும் நானும் தேங்காய் நார் வைத்துத் தேய்த்தோம். சாணம், சுண்ணாம்பு, அதற்குக் கீழே நீலப் பெயின்ட், அதற்கும் கீழே எண்ணெய்க் கறுப்பு. ஆசாரி ஓரிடத்தில் இழைத்ததும் தேன் நிறத்தில் மரம் தெரிந்தது. ஈரத்துணியைப் போட்டு வைத்தோம், காலையில் துணியில் மஞ்சள். வேங்கை! அப்பா அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. சின்ன வயதில் அந்தக் கதவின் கொண்டியை எட்ட முடியாமல் குதித்தது நினைவிருக்கிறது என்றார். ஒரு பலகையின் அடிப்பாகம் மட்டும் உளுத்திருந்தது, மற்றதெல்லாம் கணீரென்று இருந்தது.

ஆசாரி சொன்ன யோசனை இது. புதுக் கதவின் சட்டத்துக்கு நாட்டுத் தேக்கு, நடுவில் வருகிற ஆறு பலகைகளுக்கும் ஆச்சி வீட்டு வேங்கை. கஜலட்சுமி இல்லாத வருத்தம் அப்பாவுக்கு அதோடு போய்விட்டது.

செங்கோட்டைக்கு இரண்டு தடவை போனோம். முதல் நாள் காட்டிய சைஸ்களில் மீட்டர் 19, 21 என்று காட்டியது, வெறுங்கையோடு வந்தோம். அடுத்த முறை வேறு இடத்தில் வெட்டி நாளான கட்டை கிடைத்தது. நிலைக்கு 14 காட்டியது. ஆசாரி வெள்ளை இருந்த இரண்டு சைஸை ஒதுக்கினார், கடைக்காரர் முகம் சுளித்தாலும் மாற்றித் தந்தார். கதவுச் சட்டத்துக்கான மரம் இப்போது தொழுவத்தில் ரீப்பர் கொடுத்து அடுக்கியிருக்கிறது.

நிலை வைத்தாயிற்று. நவதானியமும் ஐம்பொன்னும் அம்மா கையால் போட்டார்கள். மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்த்தோம், இரண்டும் ஒரே அளவு. நிலையைச் சுவரோடு பிடிக்கிற ஹோல்டுபாஸ்ட் இரும்பு பக்கத்துக்கு மூன்று. கீழ்ப்படியில் உளிச்சத்தம் அண்ணாச்சி சொன்னபடி ஆறு நூல்தான் மேலே. போர்டிகோ ஐந்தரை அடிக்குப் பிளானை மாற்றிவிட்டோம், அதற்கான செலவில் மாடிக் கைப்பிடிச் சுவர் இந்த வருடம் இல்லை. கொத்தனார்கள் தள்ளுவண்டி இடிக்காமல் இருக்க நிலையின் காலில் பலகை அடித்து, சாக்கு சுற்றியிருக்கிறோம்.

அடுத்தது பாலிஷ். என்ன போடுவது?

வர்ணக்கை · மார்ச் 13

சாக்கு சுற்றினது நல்லது, ஆனால் சிமென்ட் தண்ணீர் பட்டுச் சாக்கு நனைந்தே கிடந்தால் மரம் கறுக்கும். நனைந்தால் அவிழ்த்துக் காயவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள்.

அரக்கு பாலிஷ் உட்கதவுக்கு அழகு. தலைவாசலில் சாரல் பட்டால் வெளுத்துத் திட்டுத்திட்டாகும். மெலமைனும் உள்ளேதான். வெளிக்கதவுக்கு பி.யூ. (பாலியூரித்தேன்) போடுவதென்றால் வெளிப்புறத்துக்கு என்றே வருகிற வகை வேண்டும், டப்பாவில் பார்த்து வாங்குங்கள். பி.யூ. பார்க்க நன்றாக இருக்கும், நாலைந்து வருடத்தில் வெயில் பக்கம் தோல் உரிகிற மாதிரி உரியும். அப்போது முழுக்கச் சுரண்டிவிட்டுத்தான் மறுபடி போட முடியும்.

எண்ணெய் என்றால் வருடத்துக்கு ஒரு முறை துணியால் தேய்த்துவிட்டால் போதும், சுரண்டும் வேலை இல்லை. பளபளப்பு வராது, மரம் மரமாகவே தெரியும். பச்சை ஆளிவிதை எண்ணெயை அப்படியே பூசினால் உங்கள் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துக் கறுக்கும். பூஞ்சைக்கு மருந்து சேர்த்து, வெளிமரத்துக்கு என்று தயாராக வருகிற எண்ணெய் வாங்குங்கள். என்னைக் கேட்டால் உங்கள் கதவுக்கு எண்ணெய்தான். ஆறு பக்கமும் பூச வேண்டும், பூட்டுக்குத் தோண்டிய குழிக்குள்ளும்கூட. எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு விட்டுத்தான் எறிய வேண்டும்.

தென்காசி_புதுவீடு · ஆகஸ்ட் 24

ஆனி கடைசியில் கதவு மாட்டினோம். ஆடி முழுக்கச் சாரல் பார்த்துவிட்டது. அடுத்த வாரம் பால் காய்ச்சுகிறோம், அதற்கு முன் இங்கே எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

கதவு நிலையில் இறுகிக்கொள்ளவில்லை. ஒரு விரலால் தள்ளினால் போகிறது. மேல் மூலையில் மட்டும் இரண்டு நாள் லேசாக உரசியது, ஆசாரி காகிதம் மாதிரி ஒரு இழை எடுத்தார், சரியாகிவிட்டது. பலகைகளைச் சட்டத்தில் வெட்டிய காடிக்குள் (பள்ளத்துக்குள்) பசை வைக்காமல் சும்மா செருகி, சுற்றி ஒரு நூல் இடம் விட்டிருக்கிறார். "அது மூச்சு விட இடம் வேண்டும்" என்றார். அடிவிளிம்பில் வெளிப்பக்கம் சாய்வாக ஒரு மரப்பட்டி வைத்தோம், தண்ணீர் அதில் வழிந்து படிக்கு வெளியே சொட்டுகிறது. சாரல் நாளில் அதையே பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

தேக்கும் வேங்கையும் முதலில் வேறு வேறு நிறமாகத் தெரிந்தன. எண்ணெய் இரண்டு கை ஓடிய பிறகு ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டு வருகின்றன. மூன்றாவது பலகையில் பழைய கொண்டி ஆணியின் துளை ஒன்று இருக்கிறது. ஆசாரி அடைக்கட்டுமா என்று கேட்டார், அப்பா வேண்டாம் என்றுவிட்டார்.

ஒரே ஒரு குறை. கீழ்ப் பலகை ஒன்றின் அடியிலிருந்து தேக்குச் சட்டத்தின் மேல் மஞ்சளாக ஒரு கோடு இறங்கியிருக்கிறது, சுண்டுவிரல் நீளம். துடைத்தால் போகவில்லை. இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா அண்ணாச்சி?

உளிச்சத்தம் · ஆகஸ்ட் 24

கதவைப் பற்றிப் படிக்கப் படிக்க நெஞ்சு நிறைந்துவிட்டது தம்பி. ஆசாரிக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

அது வேங்கையின் சாறுதான். காடிக்குள் போன ஓரத்தில் எண்ணெய் சரியாக ஏறாமல் விட்டிருக்கும், அந்த இடம் தண்ணீர் குடித்துச் சாயத்தை விடுகிறது. இப்போது தொடாதீர்கள், பலகை ஊதியிருக்கிற நேரம். எண்ணெய் உள்ளே போகாது. பங்குனியில் பலகை சுருங்கும். அப்போது சட்டத்தை ஒட்டி நிறம் வெளுத்த மெல்லிய கோடு ஒன்று தானாக வெளியே தெரியும், எண்ணெய் படாத இடம் அதுதான். மெல்லிய பிரஷ்ஷால் அந்தக் கோட்டில் ஓட்டிவிடுங்கள். ஆறு பலகைக்கும் சுற்றிலும் செய்யுங்கள். மஞ்சள் கறையை அன்றைக்கு நைஸ் உப்புக் காகிதத்தால் தேய்த்து, அதன்மேலும் எண்ணெய் போட்டால் போதும்.

பாளையங்கோட்டை_மகள் · ஆகஸ்ட் 25

வாசல்படி எப்படி இருக்கிறது?

தென்காசி_புதுவீடு · ஆகஸ்ட் 25

நேற்றுதான் பெரியம்மாவைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்தோம் அக்கா. யாரும் தூக்கவில்லை, நானே தள்ளினேன். லேசாக ஒரு குலுங்கல், உள்ளே வந்துவிட்டார்கள். கதவைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இது ஆச்சி வீட்டுக் கதவுல்லா" என்றார்கள்.

அண்ணாச்சி, பங்குனி உத்திரம் முடிந்த வாரம் என்று குறித்து வைத்துவிட்டேன். பிரஷ்ஷும் மீதி எண்ணெயும் பரணில் இருக்கின்றன.